ஓடுகிற பூனை, உட்கார்ந்திருக்கிற பூனை

மதியம் மூன்று மணி. ஒரே ஹாலில் நாய் ஒரு மூலையிலும் பூனை ஒரு மூலையிலும் படுத்திருக்கின்றன. பூனை தன் காலை நக்கிக்கொண்டிருக்கிறது. நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. பூனை துள்ளி ஓடுகிறது. அடுத்த நொடி அதன் வாலைத் தொட்டபடி நாய் பாய்கிறது. நாற்காலி கவிழ்கிறது. பூனை லாஃப்டில் ஏறி நின்று சீறுகிறது.

நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளில் இந்தக் கேள்வி தினமும் எழுகிறது: இவ்வளவு நேரம் சும்மா இருந்த நாய்க்கு என்ன ஆயிற்று? பொறாமை என்று சிலர் சொல்வார்கள். பிறவிப் பகை என்பார்கள் சிலர். இரண்டுமே உண்மையானால், படுத்திருந்த பூனையை நாய் ஏன் விட்டுவைத்தது? விடை நாயின் மனக்கசப்பில் இல்லை. பூனையின் ஓட்டத்தில் இருக்கிறது.

கோபமும் வேட்டையும் வேறு வேறு

1962-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்வின் வாஸ்மன், ஜான் ஃப்ளின் என்ற இரு ஆய்வாளர்கள் பூனைகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியை மெல்லிய மின்துடிப்பால் தூண்டிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் தூண்டினால் பூனை முதுகை வளைத்தது, மயிர் சிலிர்த்தது, சீறியபடி நகத்தால் தாக்கியது. சற்றே தள்ளி இன்னோர் இடத்தில் தூண்டினால் நடந்தது முற்றிலும் வேறு. சத்தமே இல்லை. பூனை தாழ்ந்து பதுங்கி நகர்ந்து, அருகில் இருந்த எலியின் கழுத்தைக் கவ்வியது.

தாக்குதல் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. ஒன்று கோபத்தாலும் பயத்தாலும் வருவது, இன்னொன்று வேட்டை. நாய்க்கும் இது பொருந்தும். வாசலில் கூரியர்காரரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் குரைக்கும் நாய் முதல் பாதையில் இருக்கிறது. பூனையின் பின்னால் வாயை மூடிக்கொண்டு பாயும் நாய் இரண்டாவது பாதையில் இருக்கிறது. அதற்குப் பூனை மேல் கோபம் இல்லை. சோற்றுத் தட்டைக் காலி செய்த கையோடு துரத்தும் நாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பசியும் இல்லை.

வேட்டைச் சங்கிலி

ரேமண்ட் காப்பிங்கர் என்ற உயிரியலாளரும் அவர் மனைவி லோர்னாவும் 2001-இல் வெளியிட்ட நாய்கள் பற்றிய நூலில், வேட்டையை ஒரு தொடராக விளக்கினார்கள். கவனித்தல், முறைத்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கடித்துக் கொல்லுதல், கிழித்தல், தின்னுதல். இதை வேட்டைச் சங்கிலி என்று அழைப்போம். ஓநாயிடம் இந்தக் கண்ணிகள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. மனிதன் நாய்களைப் பழக்கிப் பெருக்கிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சில கண்ணிகள் தேய்ந்தன, சில பருத்தன.

ஆடு மேய்க்கும் பார்டர் கோலிக்கு முறைப்பதும் துரத்துவதும் மிகுந்து, கடிப்பது குறைந்திருக்கிறது. லேப்ரடார் கவ்வி எடுத்துவரும், அழுத்திக் கடிக்காது. நம் தென் மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஊர்ப் பாசத்தில் அந்தக் குட்டிகளை மும்பைக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் இதை யோசிப்பதில்லை. ஓடுகிற சிறு விலங்கைக் கண்டால் பாய்வதுதான் அந்த நாயின் வேலை. அந்த வேலைக்கு இங்கே கிடைக்கும் ஒரே சிறு விலங்கு பக்கத்து அறையில் தூங்குகிறது. தெருநாய் என்று நாம் சொல்லும் நாட்டு நாய்களில் இந்தச் சங்கிலி நாய்க்கு நாய் மாறும். வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தச் சங்கிலியில் நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒவ்வொரு கண்ணியும் தானே ஒரு பரிசு. பூனை பிடிபடாவிட்டாலும் துரத்தியதே நாய்க்கு இன்பம். அதனால்தான் ஒரு முறைகூடப் பூனையைத் தொட முடியாத நாயும் மாதக்கணக்கில் துரத்திக்கொண்டே இருக்கிறது. சங்கிலி பற்றிக்கொள்வது பட்டாசுச் சரம் போல. முதல் வெடியில் திரியைப் பிடுங்கினால் மீதி தப்பும்; நடுவில் கையை விட்டால் கைதான் சுடும். துரத்தும்போது "ஏய், விடு!" என்று கத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். கவனிக்கும்போதோ முறைக்கும்போதோதான் நாய் நம் குரலைக் கேட்கும் நிலையில் இருக்கிறது.

வால் ஆடினால் நட்பா?

2007-இல் இத்தாலியில் ஜார்ஜோ வல்லோர்த்திகாரா குழுவினர் 30 நாய்களின் வாலசைவைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். வளர்ப்பவர், முன்பின் அறியாத மனிதர், அறிமுகமில்லாத நாய், ஒரு பூனை என நால்வரை மாறி மாறிக் காட்டினார்கள். பூனையைக் கண்டபோது வாலாட்டலின் வீச்சு குறைந்தது, ஆனாலும் வால் ஆடியது. "வாலாட்டிக்கிட்டேதானே போச்சு, விளையாடத்தான் போகுதுன்னு நெனச்சேன்" என்று பூனையைக் காயத்தோடு தூக்கிவரும் வீட்டுக்காரர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வால் காட்டுவது கிளர்ச்சியை. அது எந்த வகைக் கிளர்ச்சி என்பதை உடம்பின் மற்ற பாகங்கள் சொல்லும்.

உடல் தளர்ந்து, வாய் திறந்து, பார்வை பூனையிடமிருந்து அவ்வப்போது விலகினால் கவலை இல்லை. உடல் விறைத்து, வாய் மூடி, ஒரு முன்னங்கால் தூக்கி, கண் இமைக்காமல் நின்றால் சங்கிலியின் இரண்டாவது கண்ணி தொடங்கிவிட்டது. பூனையின் மொழியோ வேறு. நாய் நட்பாக இருக்கும்போது வாலை வீசும். பூனை எரிச்சலில் வாலை வீசும். மல்லாந்து படுக்கும் நாய் பெரும்பாலும் பணிகிறது; நாய்க்கு முன் மல்லாந்து விழும் பூனை நான்கு கால் நகங்களையும் தயாராக வைத்திருக்கிறது.

இந்த மொழி வேறுபாடு தாண்ட முடியாத சுவர் அல்ல. 2008-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் என்ற இருவர், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் உறவு இணக்கமாகவே இருந்தது. தொடர்ந்து சண்டை நடந்த வீடுகள் சிறுபான்மை. பழகிய நாய்கள் பூனை முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து விசாரிக்கக் கற்றிருந்தன. பூனை முதலில் வந்த வீடுகளிலும், ஒரு வயதுக்குள் நாயும் ஆறு மாதத்துக்குள் பூனையும் அறிமுகமான வீடுகளிலும் உறவு நன்றாக அமைந்தது.

இளமையில் பார்த்த முகம்

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? சீன உளவியலாளர் குவோ 1930-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் நல்ல விடை. எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20-இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-இல் 3 மட்டுமே கொன்றன. அந்த மூன்றும்கூட, தம்மோடு வளர்ந்த இன எலியைத் தொடவில்லை.

இரை எது, கூட்டாளி எது என்ற பிரிவினையில் பெரும்பகுதி குட்டிப் பருவத்தில் எழுதப்படுகிறது. நாய்க்கு அந்தப் பழகும் பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை. பூனைக்கு இரண்டிலிருந்து ஏழாவது வாரம் வரை. இந்தப் பருவத்தில் சாந்தமான பூனையைப் பார்த்த நாய்க்குட்டி பாக்கியசாலி. ஆனால் நம்மில் பலர் வீட்டுக்கு அழைத்துவருவது வளர்ந்த நாயை. அந்தக் கதவு மூடிய பிறகு வேறு வழி உண்டா?

உண்டு. நேரம் பிடிக்கும்.

அம்பர்நாத்தில் ஒரு வீடு

ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். அம்பர்நாத் கிழக்கில், இரண்டாவது மாடியில், ஒன் பிஎச்கே. ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. பாட்டி, கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள். ஐந்து வயதுப் பெண் பூனை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பில்டிங் வாசலில் சுற்றிக்கொண்டிருந்த, கருத்தடை செய்து காது நுனியில் வெட்டு அடையாளம் உள்ள ஒன்றரை வயது நாட்டு நாயை மகள் மழையில் நனைகிறதே என்று இரங்கி மேலே அழைத்து வந்துவிட்டாள். முதல் நாளே துரத்தல்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்கள் இருவரும் காலையில் லோக்கல் பிடித்து, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, இரவில்தான் திரும்புகிறார்கள். மகள் பள்ளியில். பாட்டியால் நாயின் பின்னால் ஓட முடியாது. பகலில் நான்கு துரத்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 120. இரவில் பத்து நிமிடம் பொறுமையாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். நாய் எதைக் கற்கும்? அதிகம் செய்ததை, அதிக இன்பம் தந்ததை. எனவே பயிற்சிக்கு முன்னால் செய்யவேண்டியது, துரத்தும் வாய்ப்பை முழுவதும் அடைப்பது. ஆள் கவனிக்க முடியாத நேரமெல்லாம் இரண்டுக்கும் நடுவில் மூடிய கதவு. பகலில் படுக்கையறை பூனைக்கு, ஹால் நாய்க்கு. மனிதர்களுக்கு இது தொந்தரவுதான். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். பூனை படுத்த துணியை நாயின் பக்கமும், நாய் படுத்த சாக்கைப் பூனையின் பக்கமும் மாற்றிப் போடலாம். மூடிய கதவுக்கு இருபுறமும் இரண்டுக்கும் சோறு வைக்கலாம். கதவிடுக்கை முகர்ந்துவிட்டு நாய் அமைதியாகத் தட்டுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கட்டத்தில் காட்சி தொடங்குகிறது. படுக்கையறை வாசலில் கம்பி வலை அடித்த தடுப்புக் கதவு. நாய் ஹாலின் மறுகோடியில், மார்புப் பட்டையோடு, அம்மாவின் கையில். தடுப்புக்கு அப்பால் மகள் பூனைக்குச் சோறு வைக்கிறாள். பூனை கண்ணில் பட்டதும் அம்மா வேகவைத்த கோழி ஈரலில் ஒரு சிறு துணுக்கை நாய்க்குக் கொடுக்கிறார். சைவ வீடானால் பனீர். பூனை தெரியும்வரை துணுக்குகள் வந்துகொண்டே இருக்கும். பூனை மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும்.

வரிசை பிசகக் கூடாது. பூனை முதலில், ஈரல் பிறகு. டப்பாவைத் திறந்துவிட்டுப் பூனையைக் காட்டினால், டப்பாதான் பூனை வரப்போவதற்கு அறிவிப்பு என்று நாய் கற்கும். அது நாம் சொல்ல விரும்பிய பாடம் அல்ல.

இதற்கு எதிர்ப்பழக்கம் என்று பெயர் வைக்கலாம்: ஒன்றைக் கண்டால் எழும் உணர்ச்சியை அதற்கு மாறான உணர்ச்சியோடு கோத்துக் கோத்து மாற்றுவது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, தூரத்தில் முயல் கூண்டை வைத்துவிட்டுத் தின்பண்டம் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் கூண்டு கொஞ்சம் நெருங்கியது. கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். தென்னாப்பிரிக்காவில் ஜோசப் வோல்ப் 1940-களில் இதையே பூனைகளிடம் செய்தார். மின்னதிர்ச்சி கொடுத்த கூண்டில் பசித்தாலும் உண்ண மறுத்த பூனைகளுக்கு, முதலில் தொலைவான அறையில் உணவிட்டு, படிப்படியாகக் கூண்டை நோக்கிக் கொண்டுவந்தார். மனிதர்களின் பயங்களுக்கு இன்று தரப்படும் சிகிச்சை ஒன்று அதிலிருந்து பிறந்தது. அந்தப் பூனைகள் பட்ட வேதனைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, கிடைத்த அறிவை நம் வீட்டு விலங்குகளுக்காவது பயன்படுத்துவது.

நம் வீட்டுக்குத் திரும்புவோம். எவ்வளவு தூரத்தில் தொடங்குவது? நாயே சொல்லும். பூனையைப் பார்த்தபடி ஈரலை மெதுவாக வாங்கித் தின்றால் தூரம் சரி. விரலையும் சேர்த்துப் பிடுங்கினால் சற்று நெருக்கம். ஈரலை மூக்கருகே நீட்டியும் திரும்பாவிட்டால் மிக நெருக்கம், உடனே பின்வாங்குங்கள். நாய் சாப்பிடக்கூடிய மிகக் குறைந்த இடைவெளியைத் தாங்கும் தொலைவு என்போம். இந்த நாய்க்கு அது பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்வோம். ஹாலின் நீளமே பதினான்கு அடி. சிறிய வீடுகளில் வரும் உண்மையான சிக்கல் இதுதான். வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் தோட்டமும் மாடியும் நமக்கு இல்லை. தடுப்பின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்துப் பூனையின் தலை மட்டும் தெரியச் செய்யலாம். காட்சி குறைந்தால் தூரம் கூடியதற்குச் சமம்.

ஒரு நாள் ஒரு மாற்றம் நிகழும். நாய் பூனையைப் பார்க்கும். பிறகு தானாகவே அம்மாவின் முகத்தைப் பார்க்கும். "பூனை வந்தாச்சு, ஈரல் எங்கே?" என்ற பார்வை. அதுவரை பொறுத்திருந்தவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. அதன்பின் அரை அடி, ஓர் அடி என்று நெருங்கலாம்.

உட்கார்ந்திருக்கும் பூனையை வென்றுவிட்டோம் என்று இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சங்கிலியைத் தூண்டுவது அசைவு. ஆகவே அசைவையும் தனியாகப் படியமைக்க வேண்டும். பூனை மெதுவாக நடக்கும்போது ஈரல். கட்டிலிலிருந்து குதிக்கும்போது ஈரல். மகள் ஆட்டும் கயிற்றுக்குப் பூனை பாயும்போது ஈரல். ஒவ்வோர் அசைவுக்கும் தூரத்தை மறுபடி பின்னுக்குக் கொண்டுபோய்த் தொடங்க வேண்டும். தடுப்பை எடுத்த பிறகும் வாரக்கணக்கில் நாயின் பட்டையில் ஒரு கயிறு தரையில் இழுபட்டபடி இருக்கட்டும். விறைப்பு தெரிந்ததும் காலால் மிதித்து நிறுத்த உதவும்.

இந்த வேலை ஜூலையில் இன்னும் கடினம். மழை விடாமல் அடிக்கும்போது நாயை வெளியே கூட்டிப்போவது குறையும். வெளியே செலவாகாத வேகம் வீட்டுக்குள் செலவாகும். சோற்றைத் தட்டில் வைக்காமல் பழைய துணி மடிப்புகளுக்குள் ஒளித்துத் தேடவிட்டால், மூக்கு வேலை செய்த களைப்பில் நாய் தூங்கும்.

"ரெண்டு வச்சா அடங்கும்"

பாட்டி இப்படிச் சொல்வார். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பூனையைப் பார்த்த நேரத்தில் அடி விழுந்தால் நாய் என்ன கற்கும் என்று பாருங்கள்: பூனை வந்தால் வலிக்கிறது. இதுவும் கோத்தல்தான், தலைகீழாக. வேட்டையாக மட்டும் இருந்ததில் இப்போது பயமும் சேர்கிறது. முறைப்பையும் உறுமலையும் அடித்து அடக்கினால், எச்சரிக்கை இல்லாமல் பாயும் நாய்தான் மிஞ்சும். 2020-இல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடுதலாக இருந்தது. அவை பயிற்சியின்போது கூடுதலாகக் கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின. இரண்டும் நாய்களின் தவிப்பு அடையாளங்கள்.

பூனையின் பக்கம்

இதுவரை நாயைப் பற்றியே பேசினோம். பூனை ஓடாவிட்டால் பாதிப் பிரச்சினை எழாது. தப்பிக்க உயரம் இருந்தால் பூனை ஓடாது. தரையில் இடம் இல்லாத மும்பை வீடுகளில் சுவரில் இடம் உண்டு. லாஃப்ட், ஃபிரிட்ஜின் மேல்தட்டு, ஜன்னல் கிரில், இவற்றுக்கு நடுவில் இரண்டு மரப்பலகை அடித்தால், தரையைத் தொடாமலே பூனை ஹாலைக் கடக்கும். மணல் தட்டும் சாப்பாடும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மலம் கழிக்கும்போது துரத்தப்பட்ட பூனை அந்தத் தட்டை மறுபடி தொடாது.

பதற்றம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். அடிக்கடி தட்டுக்குப் போய்ச் சொட்டுச் சொட்டாகக் கழிப்பது, ரத்தம் கலப்பது, கட்டிலுக்கடியிலேயே கிடப்பது, உண்ண மறுப்பது எல்லாம் அறிகுறிகள். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். இரவானாலும் மருத்துவரிடம் ஓட வேண்டும். இரண்டு விலங்குகளுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம் போட்டிருக்க வேண்டும். இடையில் புகுந்து உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடியாத வீடுகள்

எல்லா நாயும் மாறாது. முன்பே ஒரு பூனையைக் கொன்ற நாய், எவ்வளவு தூரத்திலும் ஈரலை மதிக்காமல் சத்தமின்றி நடுங்கியபடி முறைக்கும் நாய், தனியே இருக்கும்போது சாதுவாக இருந்து இன்னொரு நாய் சேர்ந்ததும் வேட்டைக் கூட்டமாகும் நாய் ஆகியவற்றிடம் பூனையின் உயிரைப் பந்தயம் வைக்கக் கூடாது. ஆயுள் முழுக்க மூடிய கதவோடு வாழ்வது ஒரு வழி. வாய்க்கூடு போட்டுப் பழக்குவது அதற்குத் துணை, மாற்று அல்ல. பூனை இல்லாத நல்ல வீட்டுக்கு நாயைக் கொடுப்பது இன்னொரு வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்பத் தெருவில் விடுவது மட்டும் வழியல்ல. உணவும் நீரும் இன்றித் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்து யாரும் திருந்தப் போவதில்லை. இந்தச் சட்டம் கண்டிப்பாகத் திருத்தப்பட வேண்டும்.

பூனை இருக்கும் வீட்டுக்கு நாயைக் கொண்டுவர நினைப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். நாய் வருவதற்கு முந்தின வாரமே தச்சரை அழைத்துத் தடுப்புக் கதவையும் சுவர்ப் பலகைகளையும் அடித்துவிடுங்கள். நாய் வந்த பிறகு அடிக்கலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் துரத்தல் அதற்குள் நடந்துவிடும்.